‘ஆசிரியர் பொறுப்பல்ல’ என்று கையெழுத்து வாங்கினால் போதுமா?

பினாங்கு பாயான் பாருவில் வார இறுதிகளில் பிள்ளைகளுக்குச் சிலம்பம் சொல்லிக்கொடுக்கும் ஒரு தங்கை கேட்டிருக்கிறார். அவர் நிலைமை சுருக்கமாக இதுதான். சுமார் நாற்பது பிள்ளைகள், உதவிக்கு மூன்று பழைய மாணவர்கள், வாடகை மண்டபம். பள்ளி விடுமுறையில் ஒருநாள் முகாம். அன்று தெலுக் பஹாங் தேசியப் பூங்காவுக்குள் பந்தாய் கெராச்சுட் வரை நடந்துபோய், படகில் திரும்புவார்கள். சில பிள்ளைகளை அவர் கணவரின் வேன் ஏற்றிவரும், தலைக்கு ஐந்து வெள்ளி (ரிங்கிட்). இப்போது மண்டபக்காரர், ‘பத்து லட்சம் வெள்ளிக்குப் பப்ளிக் லயபிலிட்டி (பொதுப் பொறுப்பு) காப்புறுதி எடுத்து வந்தால்தான் அடுத்த ஆண்டு சாவி’ என்கிறாராம். ஏஜெண்டோ, ‘பிள்ளைகளுக்கு பி.ஏ. (விபத்து) பாலிசி இருக்கிறதே, அது போதும்’ என்கிறார். பெற்றோர் எல்லாரும் ‘அசம்பாவிதம் நடந்தால் ஆசிரியர் பொறுப்பல்ல’ என்ற பாரத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். இதில் யார் சொல்வது சரி?

மண்டபக்காரர் சொல்வதுதான் சரி. அவர் தன் தலையைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் கேட்கிறார், ஆனால் அது உங்களுக்கும் வேண்டியதுதான். நான் பொதுக் காப்புறுதியில் கிளைம் பக்கம் வேலை செய்பவன், பாலிசி விற்பவன் அல்ல. அதனால் ஒவ்வொன்றும் எந்த இடத்தில் கைவிடும் என்பதிலிருந்தே பேசுகிறேன்.

முதலில் பி.ஏ. பாலிசி, அதாவது தனிநபர் விபத்துக் காப்புறுதி. பிள்ளைக்குக் கை முறிந்தால், யார் தப்பு என்று கேட்காமல், அட்டவணையில் உள்ள தொகையையும் வரம்புக்குள் மருத்துவச் செலவையும் அது கொடுக்கும். நல்ல விஷயம், கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள். கிளினிக் பில்லை அன்றைக்கே கட்ட முடிந்தால் பாதிக் கோபம் அங்கேயே அடங்கிவிடும். வக்கீல் வீட்டுக்குப் போகாமல் முடிந்த விவகாரங்களில் பல இப்படி முடிந்தவைதான். ஆனால் அது பிள்ளைக்கான பாலிசி, உங்களுக்கானது அல்ல. ஒரு பிள்ளைக்குக் கண்ணில் அடிபட்டு, ‘ஆசிரியை கவனிக்காமல் விட்டதால்தான்’ என்று அப்பா வழக்குப் போட்டால், பி.ஏ. பாலிசி உங்களுக்கு வக்கீல் வைக்காது, தீர்ப்புத் தொகையில் ஒரு சென்னும் தராது. அதற்குத்தான் பப்ளிக் லயபிலிட்டி. உங்கள் கவனக்குறைவால் மூன்றாம் நபருக்கு நேரும் காயத்துக்கும் பொருள் சேதத்துக்கும் சட்டப்படி நீங்கள் கொடுக்கவேண்டியதை அது கொடுக்கும். வழக்காடும் செலவும் அதில் வரும்.

அடுத்தது கையெழுத்துப் பாரம். பலரும் நிம்மதியாகத் தூங்குவது இந்த ஒரு தாளை நம்பித்தான். நம் நாட்டில் அதற்கு எடை மிகக் குறைவு. 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 29ஆம் பிரிவு, ஒருவர் தன் உரிமையை நீதிமன்றத்தில் கேட்பதையே முழுதாக அடைக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது. 2018 கடைசியில் ஒரு வங்கிக் கடன் வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் இதே பிரிவைக் காட்டி, ‘எந்த இழப்புக்கும் வங்கி பொறுப்பல்ல’ என்ற வாசகத்தைத் தள்ளிவிட்டது. வங்கியின் வக்கீல்கள் பார்த்துப் பார்த்து எழுதிய வாசகத்துக்கே அந்தக் கதி. போதாததற்கு, 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் நியாயமற்ற ஒப்பந்த வாசகங்களுக்கென்று பின்னால் சேர்த்த ஒரு பகுதி இருக்கிறது. கவனக்குறைவுக்கான பொறுப்பைக் கழற்றிவிடும் வாசகங்களை அது நேராகவே குறிவைக்கிறது.

உங்கள் விஷயத்தில் இன்னொன்றும் இருக்கிறது. கையெழுத்துப் போட்டது அப்பா, அடிபடுவது பிள்ளை. உரிமை பிள்ளையுடையது. பணம் கொடுத்து பெற்றோருடன் சமரசம் செய்துகொண்டாலும், சிறுவர் சம்பந்தப்பட்ட சமரசத்தை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டால்தான் அது கட்டுப்படுத்தும். தீபகற்ப மலேசியாவில் இப்படிப்பட்ட வழக்குக்குக் காலவரம்பு பொதுவாக ஆறு ஆண்டு. சிறுவர் என்றால் அந்த ஆறு ஆண்டு, அவருக்குப் பதினெட்டு வயதான பிறகுதான் ஓடத் தொடங்கும். இன்று எட்டு வயதில் அடிபட்ட பிள்ளை இருபத்துநான்கு வயது வரை வழக்குப் போடலாம் என்று அர்த்தம். அதனால் பழைய பாலிசிகளையும் வருகைப் பதிவேட்டையும் விபத்துக் குறிப்புகளையும் தூக்கிப் போடாதீர்கள். பாலிசி எடுக்கும்போது ஒன்றை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்: விபத்து நடந்த ஆண்டின் பாலிசி பொறுப்பேற்குமா, கிளைம் வரும் ஆண்டின் பாலிசியா? உங்களுக்கு முதல் வகைதான் வேண்டும். பப்ளிக் லயபிலிட்டி பெரும்பாலும் அப்படித்தான் எழுதப்படுகிறது, ஆனாலும் கேட்டுக்கொள்வது நல்லது.

அதற்காகப் பாரத்தைக் கிழித்துப் போடவேண்டாம். அதன் வேலையை மாற்றுங்கள். ‘பொறுப்பல்ல’ என்ற வரிக்குப் பதிலாக என்ன பயிற்சி, என்ன ஆபத்து, பிள்ளைக்கு ஆஸ்துமாவோ வலிப்போ உண்டா, அவசரத்துக்கு யாரை அழைப்பது என்பதை எழுதி வாங்குங்கள். ஆபத்தை முன்கூட்டியே சொன்னீர்கள் என்பதற்கு அதுவே சாட்சி. பெற்றோர் மறைத்த நோயால் ஏதாவது நடந்தாலும் அந்தத் தாள் பேசும்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். கிளைம் தள்ளுபடியாவது பொடி எழுத்தில் ஒளிந்திருக்கும் ஏதோ ஒரு நிபந்தனையால் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். நான் பார்த்த வரைக்கும் சிறு தொழில்களில் அது பெரும்பாலும் தள்ளுபடியாவது, விண்ணப்பப் பாரத்தில் ‘தொழிலின் தன்மை’ என்று கேட்கும் கட்டத்தில்தான். இரண்டு விரல் அகலம்கூட இருக்காது அந்தக் கட்டம். ஏஜெண்டு காரில் உட்கார்ந்தபடி ‘டிரெய்னிங் சென்டர்’ என்று கிறுக்கிவிடுவார். பிரீமியம் குறையும், உங்களுக்கும் சந்தோஷம். பிறை ஊர்ப் பக்கம் ஒரு தற்காப்புக் கலை வகுப்பில் இதுதான் நடந்தது. இருவர் மோதும் பயிற்சியில் எதிராளியின் கம்பு வியர்வையில் வழுக்கி வந்து ஒரு பையனின் முன்பல் இரண்டும் போயின. பாலிசியில் எழுதியிருந்தது டியூசன் மையம். டியூசன் மையத்தில் கம்புக்கு என்ன வேலை என்று கேட்டு நிறுவனம் கையை விரித்தது. ஆசிரியர் பல் மருத்துவருக்குத் தவணையில் கட்டினார்.

சட்டமும் நிறுவனத்தின் பக்கம்தான் நின்றது. 2013ஆம் ஆண்டு நிதிச் சேவைகள் சட்டத்தின் ஒன்பதாவது அட்டவணை, சொந்தத் தேவைக்குக் காப்புறுதி எடுப்பவரையும் தொழிலுக்கு எடுப்பவரையும் வேறுவேறாகப் பார்க்கிறது. வீட்டுக்கும் சொந்தக் காருக்கும் எடுப்பவர், கேட்ட கேள்விக்குக் கவனமாகப் பதில் சொன்னால் போதும். தொழிலுக்கு எடுப்பவர் அப்படி இருக்க முடியாது. நிறுவனம் கேட்காவிட்டாலும், அதன் முடிவைப் பாதிக்கும் என்று தனக்குத் தெரிந்ததையெல்லாம் தானே சொல்லவேண்டும். சிலம்ப வகுப்பு தொழில். ‘அவர்கள் கேட்கவில்லையே’ என்ற பதில் அங்கே எடுபடாது.

ஆகவே அந்தக் கட்டம் போதாது. தனித் தாளில் எழுதி இணையுங்கள். ஆறு வயது முதல் பதினேழு வயது வரையுள்ள பிள்ளைகளுக்குப் பிரம்புக் கம்பால் சிலம்பப் பயிற்சி. அலங்காரச் சிலம்பமும் உண்டு, தலைக்கவசத்தோடு இருவர் மோதும் போர்ச் சிலம்பமும் உண்டு. ஒரு வகுப்பில் இத்தனை பேர், இத்தனை பேருக்கு ஒரு பயிற்சியாளர். ஆண்டுக்கு இத்தனை முறை வெளியிடத்தில் நடை, படகுப் பயணம், சாப்பாடு கொடுப்போம். கோயில் விழாக்களில் ஆட்டம் காட்டுவோம். இப்படி மலாயிலோ ஆங்கிலத்திலோ அடுக்கி, மின்னஞ்சலில் அனுப்பிப் பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். ஏஜெண்டு போனில் ‘எல்லாம் கவர் ஆகும் சிஸ்டர்’ என்று சொன்னது கிளைம் மேசைக்கு வந்து சேராது.

பதில் வரும்போது சில கேள்விகளுக்கு நேரான விடை இருக்கிறதா பாருங்கள். எல்லாவற்றிலும் பெரியது, பயிற்சியில் பங்கேற்பவரின் காயம் சேருமா என்பது. விளையாட்டு சம்பந்தப்பட்ட பல பாலிசிகள் பார்க்க வந்தவர் மேல் கம்பு விழுந்தால் கொடுக்கும், கம்பு பிடித்த பிள்ளைக்கு விழுந்தால் கொடுக்காது. பங்கேற்பாளரை விலக்கும் வாசகம் உள்ளே இருந்தால் அந்தப் பாலிசி மண்டபக்காரரைத் திருப்திப்படுத்தும், உங்களுக்கு ஒன்றுக்கும் உதவாது. ஒரு மாணவன் இன்னொரு மாணவனை அடித்துவிட்டால் அதுவும் சேருமா என்று கேளுங்கள், சிலம்பத்தில் நடப்பது பெரும்பாலும் அதுதான். முகாமில் நாசி லெமாக் பொட்டலம் கொடுத்து வயிற்றுப்போக்கு வந்தால், அதற்கு உணவு நச்சுப் பிரிவைத் தனியாகச் சேர்க்கவேண்டியிருக்கும். தரையோடு நடக்கும் பயிற்சிக்கு ஒப்புக்கொள்ளும் நிறுவனம் கடல் என்றதும் தயங்கும். தீப்பந்தச் சிலம்பம் என்றால் பெரும்பாலும் மறுப்பார்கள் அல்லது தனி விலை கேட்பார்கள். தைப்பூசத்தில் ஆடியே தீரவேண்டும் என்றால், அதற்கு ஒப்புதல் கடிதம் கைக்கு வந்த பிறகு ஆடுங்கள். ஜொகூர் பாலம் தாண்டிச் சிங்கப்பூர் போட்டிக்கோ, தாய்லாந்தின் ஹட்யாய்க்கோ பிள்ளைகளைக் கூட்டிப்போவீர்கள் என்றால் பாலிசியின் நில எல்லையையும் பாருங்கள். மலேசியா என்று மட்டும்தான் எழுதியிருக்கும்.

தொகை எவ்வளவு? உயர்நீதிமன்றத்துக்குக் கீழுள்ள செஷன்ஸ் நீதிமன்றம் விசாரிக்கக்கூடிய வழக்குத் தொகையின் பொது வரம்பு பத்து லட்சம் வெள்ளி, மண்டபக்காரர்கள் கேட்பதும் பெரும்பாலும் அதுவே. ஆரம்பத்துக்குப் போதும் என்பேன். ஆனால் ஒரு பிள்ளைக்கு மூளையில் அடிபட்டு வாழ்நாள் முழுக்கப் பராமரிப்பு தேவைப்பட்டால் வழக்கு உயர்நீதிமன்றத்துக்குப் போகும், பத்து லட்சம் போதாது. இருபது லட்சத்துக்கும் விலை கேளுங்கள். பிரீமியம் இரட்டிப்பாகாது, பெரும்பாலும் கொஞ்சம்தான் கூடும். வழக்குச் செலவு அந்தத் தொகைக்குள்ளேயா அதற்கு மேலா என்பதையும் கேளுங்கள். உள்ளே என்றால் வக்கீல் சாப்பிட்டது போக மிச்சம்தான் உங்களுக்கு. பிரீமியத்துக்கு மேல் 8 விழுக்காடு சேவை வரியும் 10 ரிங்கிட் முத்திரை வரியும் வரும். பாலிசியில் மண்டபக்காரர் பெயரையும் சேர்க்கச் சொல்வார்கள், சேர்த்துக்கொடுங்கள்.

வேன் விஷயத்தில் தயவு பார்க்காமல் சொல்கிறேன், நிறுத்துங்கள். தனியார் வாகனப் பாலிசியை எடுத்து, ‘பயன்பாட்டு வரம்பு’ என்ற பகுதியைப் படியுங்கள். வாடகைக்கோ கூலிக்கோ ஆள் ஏற்றினால் பாதுகாப்பு இல்லை என்று இருக்கும். தலைக்கு ஐந்து வெள்ளி என்பது கூலிதான். ‘எண்ணெய்க் காசு’ என்று பெயர் மாற்றினாலும், முகாம் கட்டணத்துக்குள் சேர்த்துவிட்டாலும், கேள்வி வராமல் போகாது. பாயான் லெப்பாஸ் விரைவுச்சாலையில் வேன் கவிழ்ந்தால் வேன் பாலிசி கைவிரிக்கும். வாகன விபத்து எங்களுடையது அல்ல என்று பப்ளிக் லயபிலிட்டியும் கைவிரிக்கும். நாற்பது பிள்ளைகளின் வகுப்பு நடத்துபவர் இரண்டு பாலிசி வைத்துக்கொண்டும் வெறுங்கையோடு நிற்பது அந்த இடத்தில்தான். பெற்றோரே கொண்டுவந்து விடட்டும், அல்லது உரிமம் உள்ள பள்ளி வேன்காரரிடம் பேசுங்கள். அவருடைய பெர்மிட் நகலையும் பாலிசி நகலையும் வாங்கிக் கோப்பில் வையுங்கள்.

படகுக்கும் அதே கதைதான். தெலுக் பஹாங் படகுத்துறையில் உரிமம் உள்ளவரையே பிடியுங்கள். எத்தனை பேர் ஏறலாம் என்று கேட்டு, அதற்கு மேல் ஒரு பிள்ளையைக்கூட ஏற்றாதீர்கள். பிள்ளைகளின் அளவுக்கு ஏற்ற மிதவைச் சட்டை இருக்கிறதா என்று முதல் நாளே போய்ப் பாருங்கள். பெரியவர் சட்டையை ஏழு வயதுப் பிள்ளைக்கு மாட்டினால் சட்டை மேலே மிதக்கும், பிள்ளை கீழே நழுவும். பந்தாய் கெராச்சுட் கடல் குளிக்க ஏற்றது அல்ல, நீரோட்டமும் ஜெல்லி மீனும் உண்டு. ‘கால் மட்டும் நனைக்கிறோம் டீச்சர்’ என்பதற்கும் இடம் கொடுக்காதீர்கள்.

முகாம் என்று வந்துவிட்டால் அனுமதிகளையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். 2022 டிசம்பர் 16இல் பத்தாங் காலி நிலச்சரிவில் 31 பேர் இறந்தபோது, முகாம் நடத்த அந்த இடத்துக்கு உரிமமே இல்லை என்ற செய்தியும் வந்தது நினைவிருக்கும். பப்ளிக் லயபிலிட்டி பாலிசிகளில் ‘சட்டத்தை மதித்து, நியாயமான முன்னெச்சரிக்கையோடு நடத்தவேண்டும்’ என்ற நிபந்தனை வழக்கமாக உண்டு. அனுமதி இல்லாத இடத்தில் நடந்த விபத்துக்கு அந்த வரியை எடுத்துக் காட்டுவார்கள். உங்கள் சொந்த மாணவர்களோடு நிற்காமல், வெளியாட்களிடம் காசு வாங்கிச் சுற்றுலாவாக விற்கத் தொடங்கினால் 1992ஆம் ஆண்டுச் சுற்றுலாத் தொழில் சட்டத்தின் உரிமமும் குறுக்கே வரும். அதை இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

உதவிக்கு வரும் மூன்று பேரை நீங்கள் ‘பசங்க’ என்று எழுதியிருந்தீர்கள். வகுப்புக்கு இவ்வளவு என்று அலவன்ஸ் கொடுத்து, நேரம் குறித்து, நீங்கள் சொன்னபடி வேலை வாங்கினால் சட்டத்தின் கண்ணில் அவர்கள் தொழிலாளர்களாக இருக்க வாய்ப்பு அதிகம். பகுதிநேரம் என்பதால் விலக்கு இல்லை. பப்ளிக் லயபிலிட்டி உங்கள் சொந்தத் தொழிலாளியின் காயத்துக்குக் கொடுக்காது. அதற்குத்தான் சொக்சோ, பெர்கேசோ என்றும் சொல்வார்கள், தொழிலாளருக்கான அரசின் சமூகப் பாதுகாப்புக் காப்பு. வேலைக்கு எடுத்த முப்பது நாளுக்குள் பதியவேண்டும். மாதச் சந்தா சிறியது, பயனோ இரண்டு பக்கமும். காயம்பட்டவருக்குச் சிகிச்சையும் உதவித்தொகையும் கிடைக்கும். 1969ஆம் ஆண்டுத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் 31ஆம் பிரிவின்படி, அந்தக் காப்பு உள்ள தொழிலாளி அதே வேலைக் காயத்துக்காக முதலாளி மேல் வழக்குப் போட முடியாது. உங்களுக்கும், சொந்தத் தொழில் செய்பவருக்கான 2017ஆம் ஆண்டுத் திட்டம் பெர்கேசோவிலேயே இருக்கிறது. கம்பு சுழற்றிப் பிழைப்பவருக்குத் தோள்பட்டை போனால் வருமானமும் போகும், விசாரித்துப் பதிந்துகொள்ளுங்கள்.

2024 ஜூன் 1 முதல் தொழிலிடப் பாதுகாப்புச் சட்டத்தின் திருத்தம் நடப்புக்கு வந்து, அது கிட்டத்தட்ட எல்லா வேலையிடத்துக்கும் விரிந்திருக்கிறது. தொழிலாளி அல்லாதவரின் பாதுகாப்பைக் கவனிக்கும் கடமை, ஒற்றை ஆளாகத் தொழில் நடத்துபவருக்கும் உண்டு. அபராதத்தின் உச்சம் ஐந்து லட்சம் ரிங்கிட். அபராதத்தை எந்தக் காப்புறுதியும் கட்டாது. வகுப்புக்கு முன் தரை ஈரமாக இருக்கிறதா, கம்பு நுனி பிளந்திருக்கிறதா, ஒரு பிள்ளைக்கும் அடுத்த பிள்ளைக்கும் நடுவே இரண்டு கம்பு நீளம் இடம் இருக்கிறதா என்று பார்த்து, ஒரு நோட்டில் தேதி போட்டுக் குறித்துவையுங்கள். விபத்துக்குப் பிறகு எங்கள் ஆள் வந்து முதலில் கேட்பது அந்த நோட்டைத்தான்.

வகுப்பைச் சென்டிரியான் பெர்ஹாட், அதாவது தனியார் நிறுவனம், ஆக்கிவிட்டால் தப்பிக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். தனியுரிமையாளர் பதிவில் தொழிலின் கடன் உங்கள் கடன், வீடு வரைக்கும் வரும். நிறுவனமாக்கினால் அதன் கடன் அதோடு நிற்கும், அது உண்மைதான். ஆனால் வகுப்பில் நின்று கவனிக்கத் தவறியது நீங்களே என்றால், உங்களைத் தனிப்பட்ட முறையிலும் பிரதிவாதியாகச் சேர்க்கலாம். நாற்பது பிள்ளைகளுக்கு இப்போது அந்தச் செலவு வேண்டாம். அதே பணத்தைப் பிரீமியத்தில் போடுங்கள்.

விபத்து நடந்துவிட்டால் என்ன செய்வது? முதலில் பிள்ளை, அப்புறம்தான் மற்றதெல்லாம். ஆஸ்பத்திரிக்குப் போங்கள், பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பாருங்கள், அம்மா பக்கத்தில் உட்காருங்கள். நம் ஆட்கள் கண்ணில், போய்ப் பார்க்காமல் இருப்பதே பெரிய குற்றம், பல வழக்குகள் அந்த ஆத்திரத்தில்தான் தொடங்குகின்றன. ஆனால் வாட்ஸ்அப்பில் ‘எல்லாம் என் தப்புதான், செலவு முழுக்க நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று எழுதாதீர்கள். நிறுவனத்தின் சம்மதம் இல்லாமல் பொறுப்பை ஒப்புக்கொள்வதும் பணம் பேசி முடிப்பதும் பாலிசி நிபந்தனையை மீறுவது, அதைக் காரணம் காட்டிக் கிளைமைத் தள்ள முடியும். ‘பிள்ளை எப்படி இருக்கிறான், நான் வரட்டுமா’ என்று கேட்பதில் எந்தச் சிக்கலும் இல்லை. அன்றே படம் எடுத்து, பார்த்தவர் பெயர்களைக் குறித்து, வழக்கு வருமோ வராதோ என்று காத்திருக்காமல் நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். பின்னால் வக்கீல் கடிதம் வந்தால் நீங்களாகப் பதில் போடாமல் அப்படியே அனுப்பிவிடுங்கள்.

அவ்வளவும் செய்தும் நிறுவனம் மறுத்தால், மறுப்பை எழுத்தில் கேளுங்கள், எந்த வாசகத்தின் கீழ் என்று குறிப்பிடச் சொல்லுங்கள். முதலில் அவர்களின் புகார்ப் பிரிவு. அங்கேயும் நடக்கவில்லை என்றால், 2025 ஜனவரி முதல் இயங்கும் நிதிச் சந்தை ஓம்பட்ஸ்மன் சேவை இருக்கிறது, நிதி நிறுவனங்கள் மேலான புகாரைத் தீர்த்துவைக்கும் அமைப்பு. சிறு தொழில்களின் புகாரையும் எடுக்கிறார்கள், காப்புறுதியில் இரண்டரை லட்சம் ரிங்கிட் வரைக்கும், உங்களிடம் காசு கேட்கமாட்டார்கள். நிறுவனத்தின் இறுதி முடிவு வந்த ஆறு மாதத்துக்குள் போகவேண்டும். போகும்போது அந்தத் தனித் தாளையும், அதற்கு நிறுவனம் மின்னஞ்சலில் கொடுத்த பதிலையும் கொண்டுபோங்கள்.